செபநாயகத்தின் வீட்டுக்கு நற்கருணை கொண்டு போனது

குருநகர்,
தை மாதம், ஞாயிறு மாலை.

அன்பு மகள் றொசாந்திக்கு,

இன்றைய நாளைத் தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிருக்கும் இருட்டுக்கும் நடுவில் நீயும் உடம்பாலும் மனத்தாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறோம். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் கதைத்தால் பாதி நேரத்தை அம்மா எடுத்துவிடுவாள், மிச்சப் பாதியில் நான் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன், சொல்ல வந்தது நின்றுவிடும். என்னிடம் படித்த இணுவில் கோபிசங்கர் வருகிற கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதையும் ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் கொடுத்துவிடுகிறேன். அம்மா காய்ந்த இறாலும் கட்டி வைத்திருக்கிறாள். அவன் மீன் மச்சம் தொடாத பிள்ளை, இதை எப்படிக் கொடுப்பது என்று கேட்டதற்கு, அவரைச் சாப்பிடவா சொன்னனான், கொண்டு போகத்தானே சொன்னனான் என்கிறாள். அவள் முழங்கால் இப்போது பரவாயில்லை, மழை விட்ட பிறகு கோயிலுக்கு நடந்தே வருகிறாள். உன் பெரியப்பா இந்த நத்தார்ப் பெருநாளுக்கும் ஒரு போன் எடுக்கவில்லை, அதை நான் மறக்கப் போவதில்லை.

நத்தாருக்கு முன்பு நீ போனில் ஒரு வார்த்தை சொன்னாய். வேலைக்குப் போறன், வாறன், படுக்கிறன், என்னத்துக்கு எழும்புறன் எண்டுதான் அப்பா தெரியேல்லை என்றாய். நான் அதற்கு மறுமொழி சொல்லாமல் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல பிள்ளை, அதனால்தான் வாய் வரவில்லை. பள்ளிக்கூட அதிபர் பதவி எனக்கு வர வேண்டியது, அது செபநாயகத்துக்குப் போனது உனக்குத் தெரியும். இங்கே திருநெல்வேலியில் ஒரே அறையில் இருந்து என்னோடு படித்தவன், மேலிடத்தில் என்னைப் பற்றிக் கேட்டபோது, அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் ஆக்களோடு ஒத்துப்போக மாட்டார், கோபக்காரர் என்று சொல்லிவிட்டான். அது பொய்யில்லைத்தானே என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். பொய்யோ மெய்யோ, அதைச் சொல்ல வேண்டியவன் அவனல்ல. நேரத்தோடு ஓய்வு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த அந்த நாட்களில் நானும் உன்னைப் போலத்தான் என்னத்துக்கு எழும்புவது என்று கட்டிலில் கிடந்து கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு ஒருவரோடும் கதைக்காமல் வந்துவிடுவேன்.

போன வருடம் புதிதாக வந்த பாதர் என்னைக் கூப்பிட்டு, நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டு போகிற பணியைச் செய்யச் சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லைப் போலும். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து காலையில் மணி அடிக்க முன்பே போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கிறேன். செபிக்கிறேன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, பெரும்பாலும் முறைப்பாடுதான். என் முறைப்பாட்டை முழுதாகக் கேட்டும் எழும்பிப் போகாதவர் ஆண்டவர் ஒருவர்தான், உன் அம்மாவே பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அப்படி இருந்து இருந்து, எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று சொல்லி முடிந்த பிறகு, இன்றைக்கு யார் வீட்டில் எனக்காகக் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு வரத் தொடங்கியது. அந்த நினைப்புத்தான் என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பியது. சின்ன நற்கருணைப் பேழையை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு போகும்போது வழியில் ஒருவரோடும் கதைக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த யாகோப்பு, என்ன மாஸ்டர், உங்கடை வாய்க்கு ஆரோ பூட்டுப் போட்டிட்டினம் போலை, ஆரெண்டு சொல்லுங்கோ, அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவம் என்று கத்தினான். அவன் மனைவி அற்புதராணி, எட விசர் மனிசா, அவர் நன்மை கொண்டு போறார், எழும்பி முழந்தாளிடு என்று அவன் தலையிலேயே ஒன்று போட்டாள். நான் மறுமொழி சொல்லாமல் ஒரு வீதியைக் கடந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

கார்த்திகையில் செபநாயகத்துக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பாதர் அவன் பெயரைச் சொன்னபோது, உவருக்கு நான் கொண்டு போகேலாது பாதர், வேறை ஆரையும் விடுங்கோ, இல்லாட்டி இந்தப் பேழையைத் திருப்பி வாங்குங்கோ என்று சொல்லிவிட்டேன். வேறை ஆள் இல்லை மாஸ்டர், நீங்கள் போகாட்டி அந்த மனிசன் நத்தாருக்கும் நன்மை எடுக்காமல் கிடக்கும் என்று மட்டும் சொன்னார். பேழையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழையபடி கட்டிலும் முகடும்தான் என்று எனக்குத் தெரியும். அன்று பீடத்துக்கு முன்னால் இருந்து ஆண்டவரோடு நன்றாகச் சண்டை பிடித்துவிட்டுத்தான் போனேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், நான் புத்தகத்தைப் பார்த்தேன். முதலில் பாவங்களை ஏற்றுக்கொள்ளும் செபம், உனக்குத் தெரியும், கடவுளிடம் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற சகோதரரிடமும் நான் பாவி என்று சொல்ல வேண்டும். கோயிலில் அத்தனை பேருக்குள் அது யாருக்கும் படாமல் போய்விடும். அந்த அறையில் எனக்கு முன்னால் அவன்தான் இருந்தான், அவனுக்கு முன்னால் நான்தான். வலக்கை எழும்பாததால் இடக்கையால் நெஞ்சில் தட்டினான். நான் என் வேகத்தில் சொல்லிக்கொண்டு போக, அவன் குழறிக் குழறி, மெல்ல வாசியடாப்பா, நீ எப்பவும் அவசரம் என்றான். எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தோடேயே மெல்ல வாசித்தேன். அப்பத்தில் சிறு துண்டு பிய்த்து நாக்கில் வைத்து, கரண்டியால் தண்ணீர் பருக்கினேன், நாடியில் வழிந்ததை என் லேஞ்சியால் துடைத்தேன்.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், இன்னும் மனம் ஆறவில்லை என்றும் சொன்னேன். வாற வெள்ளியும் போவியளோ என்று கேட்டார் பாதர், ஓம் என்றேன், அப்ப போங்கோ, மற்றதை அவர் பாப்பார் என்றார். மனம் வெளுத்த பிறகு வா என்று ஆண்டவர் சொல்லியிருந்தால் நான் சாகும்வரை வாசலில் நின்றிருப்பேன். இப்படியே வா, வேலை இருக்கிறது என்று என்னைப் போல ஒரு கசப்பனைக் கூப்பிட்டாரே, அதற்குத்தான் மகள் என் நன்றி எல்லாம். கோயிலுக்குப் போ என்று உன்னை வற்புறுத்த இதை எழுதவில்லை. எழும்பியதும் அவரோடு கொஞ்சம் கதை, கோபமென்றால் கோபத்தைச் சொல். உன் வேலையிடத்தில் நீ தூக்கி இருத்திச் சாப்பாடு தீத்துகிற அந்த வயதானவர்களில் ஒருவரின் பெயரையாவது அவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போ.

நத்தாருக்குப் பிறகு வந்த வெள்ளியன்று, மன்றாட்டில் யாருக்காகச் செபிப்பது என்று அவன் கேட்டான். நினைக்காமல் உன் பெயரைச் சொல்லிவிட்டேன், பிள்ளைக்கு மனம் சரியில்லை என்றும் சொன்னேன். சொன்ன பிறகு, இவனிடம் போய்ச் சொன்னேனே என்று நாக்கைக் கடித்தேன். உன் பெயர் அவன் வாயில் வராமல் திரும்பத் திரும்ப முயன்று, கண்ணீர் வரச் சொல்லி முடித்தான். இப்போது காலைச் செபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்லிப் பழகுகிறார் என்று அவன் மனைவி சொல்கிறா. இன்று பூசை முடிய பாதர் என்னைக் கூப்பிட்டு, றஜிந்தன் என்ற பொடியனும் இந்தப் பணிக்கு வந்திருக்கிறான், இனி செபநாயகம் வீட்டுக்கு அவன் போகட்டும், உங்களுக்கும் ஆறுதல்தானே என்றார். நான் கார்த்திகையில் கேட்டது அதைத்தான். அவன் செய்ததை இன்னும் நான் மறக்கவில்லை. ஆனால் விடியக் காலையில் என் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபிக்கிறவனை நான் எப்படி இன்னொருவரிடம் விடுவது? மற்ற வீடுகளை அந்தத் தம்பி எடுக்கட்டும் பாதர், உது எனக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பாராக, மாதா தன் முந்தானைக்குள் உன்னை வைத்துக்கொள்ளட்டும். வைத்தியரிடம் போகிறேன் என்றாயே, தள்ளிப் போடாமல் போ, செபமும் வேண்டும் மருந்தும் வேண்டும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் எடு, இறால் வந்து சேர்ந்தது என்று முதலில் சொல்லு.

உன்னை நினைத்து நன்றி சொல்லும்,
அப்பா.