எலிசாம்மா குடிக்காத தண்ணீர்

என் ஆசை மாப்ள கதிரேசா,

நீ எங்கிட்டு இருந்தாலும் சரி, கொஞ்ச நேரம் அந்தக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு இதைக் கேள். போர்வண்டி இரைச்சலில் கத்திக் கத்திப் பேசியே நம் இரண்டு பேர் தொண்டையும் கெட்டுப்போனது. இன்றைக்கு மெதுவாகப் பேசலாம். பக்கத்தில் நாலு பேர் ஒட்டுக்கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

செத்தவர்கள் கனவில் வருவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ பட்டப்பகலில் வருகிறாய். குடுமியான்மலைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் போர் போட்டாலும், வண்டிச் சத்தத்துக்கு நடுவில் "மச்சான்" என்று உன் குரல் கேட்கிறது. திரும்பினால் கல்மாவு அப்பிய முகத்தோடு நிற்கிறாய், கண் மட்டும்தான் தெரிகிறது. கூட வேலை பார்க்கிற எல்லாப் பயல்களுக்கும் அதே முகம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.

நீ கேட்பதும் ஒரே கேள்விதான். "மச்சான், அந்த அம்மா தண்ணி குடிச்சாங்களா?"

இந்த வருசம் உன் திதிக்கு வைத்த சோற்றைக் காக்கை தொடவேயில்லை. மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்தது, பார்த்தது, பறந்து போனது. "தம்பிக்கு என்னமோ கொறை இருக்குங்க" என்று உன் அக்கா வள்ளி அழ ஆரம்பித்துவிட்டாள். "அவனுக்குப் புளிச்சோறு பிடிக்காது, வேற ஒண்ணுமில்ல" என்று சமாளித்தேன். எனக்கல்லவா தெரியும் உன் குறை என்னவென்று.

இனி வருவது உனக்குத் தெரிந்த கதை. ஒட்டுக்கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் போர்வண்டியோடு ஜாம்பியாவுக்குப் போனது பிழைப்புக்குத்தான். இங்கே அடுத்தவன் தோட்டத்து மரத்தடியில் தட்டேந்திச் சாப்பிட்ட கூலிகள் நாம். அங்கே இறங்கியதும் சுற்றுச்சுவர் வைத்த வீடு, வாசலில் காவலாள், சமைத்துப் போட ஓர் ஆள். கல்மாவோடு வண்டியை விட்டு இறங்கிய நம்மைப் பார்த்து அந்த ஊர்ப் பிள்ளைகள் "வெள்ளைக்காரன், வெள்ளைக்காரன்" என்று கத்தின. "நம்மளயும் தொரை ஆக்கிட்டாய்ங்க பாருங்க மச்சான்" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

நம் டிரைவர் மோசஸை மறந்திருக்க மாட்டாய். அவன் அப்பா செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாளில் தெருவில் ஆடியவர். ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனக்குத் தெரிந்த எளிய இங்கிலீஷில் நமக்காகச் சொன்னான். "எங்க அப்பாவுக்கு வேலை இருந்துச்சு, ஓட்டுப் போட ஒரே கட்சிதான் இருந்துச்சு. எனக்குக் கட்சி நெறைய இருக்கு. சுரங்க வேலைதான் இல்ல." நீ முதலில் சிரித்தாய். அப்புறம் "நம்மளும் பொழப்பு இல்லாமத்தான மச்சான் இங்கிட்டு வந்தோம்" என்றாய்.

நீ கேட்கிற அந்த அம்மா, எலிசாம்மா, இருந்தது தோட்டக் கூலிகளின் குடியிருப்பில். அந்தத் தோட்டம் முன்பு ஒரு வெள்ளைக்காரரிடம் இருந்ததாம். பிறகு கட்சியில் செல்வாக்குள்ள ஒரு பெரிய மனிதர் கைக்கு வந்தது. புது முதலாளி இவர்கள் பாஷையிலேயே பேசினார், இவர்கள் சர்ச்சுக்கே வந்தார். கூலிகளோ அதே குடிசையில் இருந்துகொண்டு, அதே ஓடைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தேர்தல் நெருங்கியபோது ஆளுங்கட்சி எம்.பி.க்குத் திடீரென்று அந்தக் குடிசைகள் ஞாபகம் வந்தன. நம் வண்டியை அனுப்பினார்.

அங்கேதான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். "இங்கிட்டு வேணாம்டா மாப்ள, ஊரு வேற" என்று சொன்னேனா இல்லையா? "பூச போடாம ராடு எறக்குனா எனக்குக் கை ஓடாது மச்சான்" என்று அடம்பிடித்தாய். கற்பூரம் கொளுத்தினாய். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமத்தில் புரட்டிச் சக்கரத்துக்கடியில் வைத்தாய். சுற்றி நின்ற சனங்கள் அந்தச் சிவப்பைப் பார்த்து இரண்டடி பின்னால் போனதை நான் கவனித்தேன், நீ கவனிக்கவில்லை.

நம் ஊரில் ஆயிரம் அடி போனாலும் புகைதான் வரும். அங்கே கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டது. நீ சேற்றில் குதித்து ஆடினாய். அடிபம்பும் மாட்டியாயிற்று, எம்.பி. வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போயாயிற்று. மறுநாள் பார்த்தால் ஒரு குடம்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

கவுன்சிலருக்கு நின்ற எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவர் ரேடியோ குழாய் கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருந்தார். எம்.பி. வெளிநாட்டு மந்திரவாதிகளைக் கூட்டிவந்து ரத்தம் தடவிய பழம் வைத்துச் சூனியம் செய்திருக்கிறாராம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஓட்டுச்சாவடியில் கை தானாக அவர் சின்னத்துக்குப் போய்விடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு முகம் செத்துவிட்டது, உன் கையால் வைத்த பழமாயிற்றே.

எல்லாரையும் கூப்பிட்டு வைத்து நீ அந்தப் பம்பை அடித்து மடக்மடக்கென்று குடித்தாய். "பாருங்க, எனக்கு என்ன ஆச்சு?" என்றாய். மோசஸ் அவர்கள் பாஷையில் எடுத்துச் சொன்னான். எலிசாம்மா மட்டும் முன்னால் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ இங்க ஓட்டுப் போடுறவனா தம்பி? ஒன்ன அது என்ன செய்யும்?"

சாயங்காலம் அவள் குடிசைக்கே நாம் போனோம். உன்னைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டியிருந்த துணியைக் காட்டினாள், தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் இனாமாகக் கொடுத்தது, ஆளுங்கட்சித் தலைவர் முகம் போட்டது. அதைக் கொஞ்சம் விலக்கினாள், உள்ளே இன்னொரு துணி, எதிர்க்கட்சித் தலைவர் முகம். "பழத்துக்கெல்லாம் நாங்க பயப்படல. ஓட்டு ரகசியம். துணிகூட உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கட்டிக்கலாம். தண்ணிய அப்படிக் குடிக்க முடியுமா? யாரு யாரு பம்புல நின்னாங்கன்னு ரெண்டு பக்கத்து ஆளும் பாத்துக்கிட்டே இருக்கான். நாளைக்கு எவன் செயிச்சாலும் கேப்பான்." மோசஸ் இதை நமக்குச் சொல்லி முடித்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். "தேர்தல் முடியட்டும், குடிக்கிறேன்" என்று அவள் உனக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

தேர்தலுக்கு முன்பே உனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வள்ளியைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, அந்த அம்மா குடித்தாளா என்றுதான் கேட்டுக்கொண்டே போனாய். திருச்சி ஏர்போர்ட்டில் உன்னைப் பெட்டியோடு கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அப்புறம் அந்த நாட்டுப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று வள்ளி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

போன மாதம் மோசஸ் வாட்ஸப்பில் பேசினான். கேட்கிற தைரியம் இருந்தால் கேள் மாப்ள. அந்தத் தேர்தலில் ரேடியோ வண்டிக்காரர்தான் கவுன்சிலராக ஜெயித்தார். அதன்பிறகும் யாரும் பம்பைத் தொடவில்லை. ஏன் தெரியுமா? "தண்ணியக் குடிச்ச வெளிநாட்டுக்காரனே செத்துட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். உன் சாவையும் அவர்கள் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சனம் ஒதுங்கியதும் கவுன்சிலர் வேலி போட்டு, மோட்டார் மாட்டி, தன் லாட்ஜுக்குக் குழாய் இழுத்துக்கொண்டார். சூனியம் அவருடைய லாட்ஜை மட்டும் ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது!

எலிசாம்மா இன்னும் ஓடைத் தண்ணீர்தான் குடிக்கிறாள். ஆனால் இப்போது மறுபடியும் தேர்தல் வருகிறது, அவளே கவுன்சிலருக்கு நிற்கிறாள். கார் இல்லை, கொடுக்கத் துணி இல்லை. குடிசை குடிசையாக நடந்து, பம்பைச் சுற்றிய வேலியைப் பிரிக்கணும் என்று ஒன்றைத்தான் சொல்கிறாளாம். போகிற இடமெல்லாம் "அந்தப் பையன் எப்படிச் செத்தான்?" என்று அவளை மடக்குகிறார்கள். பக்கத்தில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். வந்து சொல்ல முடியுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். நம் பழைய போர்வண்டி முதலாளியும் வண்டி அங்கே போகிறது, வருகிறாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வள்ளியிடம் வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பொன்னமராவதி ரோட்டு டீக்கடையில் உளறிவைத்தேன். ஒருத்தன் சிரித்தான். "எலுமிச்சம்பழத்துக்குப் பயந்து தண்ணி குடிக்கலையாக்கும்? ஆப்பிரிக்காக்காரன் ஆப்பிரிக்காக்காரன்தான்யா." எனக்கு வந்ததே கோபம்! "நம்ம தெருக் கொழாய்க்குக் காலனிக்காரவுக ஏன் வர்றதில்ல? அவுகளும் எலுமிச்சம்பழத்தப் பாத்துத்தான் பயந்தாங்களா?" என்று கேட்டுவிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

உனக்கே தெரியும் அந்த விவகாரம். போன உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர் நம் தெருமுனையில் போர் போட்டுக் குழாய் வைத்தார். காலனிக்காரர்கள் தோற்றவருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பேச்சு. அவர்கள் அடிபம்பு ரிப்பேராகி மண்ணாகக் கிடக்கிறது, வயல் கிணற்றுக்குத்தான் நடக்கிறார்கள். "வரவேண்டாம்னு யாரு சொன்னா? அவுகதான் வரல" என்று நம் தெருவில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

டீக்கடைச் சண்டை எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வள்ளி கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். எலிசாம்மாவின் இரண்டு துணியைச் சொன்னபோது அவள் கை அரிசி புடைப்பதை நிறுத்தியது. "என் தம்பி தண்ணி குடிச்சுச் செத்தான்னா சொல்றாய்ங்க?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. "நீங்க போங்க. போயி நாலு பேரு முன்னாடி நின்னு சொல்லுங்க. அந்தப் பொம்பள கொடத்துல வாங்கிக் குடிங்க. யாரு பாத்தாலும் பாக்கட்டும்."

அதோடு விட்டாளா? நேற்று மத்தியானம் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகக் காலனிக்குப் போனாள். நூறு நாள் வேலையில் இவளோடு மண் அள்ளுகிற மல்லிகாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "வேணாங்க்கா, வம்பு வரும்" என்று மல்லிகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து நம் தெருவுக்குள் நடந்து வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றது. மல்லிகா முதலில் பிடித்தாள், வள்ளி அப்புறம் பிடித்தாள். நான் குழாய்ப் பக்கத்தில் போய் நின்றேன். முதுகில் அத்தனை கண்ணும் குத்துவது எனக்குத் தெரிந்தது. எலிசாம்மா எதைச் சொன்னாள் என்று நேற்றுத்தான் எனக்கு உடம்பில் ஏறியது.

இன்று காலை நம் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்கிறார்கள். மேலத்தெருக் குழாயில் வருகிறது. பக்கத்து வீட்டில் வள்ளி காதில் விழும்படி பாத்திரத்தை உருட்டுகிறார்கள். இவள் வயல் கிணற்றுக்கு மல்லிகாவோடு கிளம்பிக்கொண்டிருக்கிறாள். "இங்கிட்டு நான் பாத்துக்கிறேன், நீங்க பெட்டியக் கட்டுங்க" என்கிறாள்.

பெட்டி கட்டியாகிவிட்டது மாப்ள. அந்தக் குடிசைகளுக்கு நடுவில் நின்று, நீ கொசுக்கடியில் செத்தாய், தண்ணீரில் சாகவில்லை என்று என் தொண்டையில் மிச்சமிருக்கிற சத்தமெல்லாம் சேர்த்துச் சொல்வேன். எலிசாம்மா ஜெயிப்பாளா? எனக்குத் தெரியாது. அவள் தோற்றாலும் அந்த வேலி ஓரத்தில் அவள் பக்கத்தில்தான் நிற்பேன், எந்தப் பக்கத்து ஆள் வேண்டுமானாலும் என்னைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். அவள் குடித்தால் உன்னிடம் வந்து சொல்வேன். குடிக்க முடியாமல் போனாலும் வந்து சொல்வேன், பொய் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் நீ கேட்டுக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் கையை விடாமல் பிடித்திருந்த,
உன் அக்கா புருசன், உன் மச்சான்
ராமையா