மாவு மெஷினில் மாட்டிய உத்தரியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் தயவுல நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சண்டை போடுற அளவுக்குச் சுகமா இருக்கோம். நீயும் மருமகனும் அப்படியே இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். உன் இருமல் நின்னுச்சா, இல்ல தானா சரியாயிடும்னு வழக்கம்போல விட்டுட்டியா?

உன் கடிதம் வந்தது. உங்கம்மா கோயில்ல வச்சு என் மானத்த வாங்கிட்டான்னு பெரியப்பா உனக்குப் போன் பண்ணி அழுதாராம், ஒரு மன்னிப்புக் கேட்டா நீ என்ன குறைஞ்சா போயிடுவன்னு எழுதியிருக்க. குறையமாட்டேன்தான். ஆனா அவர் உன்கிட்ட பாதிக் கதைதான் சொல்லியிருக்கார், மீதியையும் கேட்டுட்டு அப்புறம் பேசு.

நீ கடைசியாப் பார்த்தப்ப அவர் கழுத்துல, மாதா படம் தைச்ச துணித்துண்டக் கயித்துல கோத்த ஒரு உத்தரியம் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப செபமாலை, சிலுவை, புனிதர் உருவம் பதிச்ச காசு மாதிரி விதவிதமா சுரூபம், எந்தச் சாமியார் எதை மந்திரிச்சுக் குடுத்தாலும் வாங்கி மாட்டிக்கிறார். நடந்தா சாவிக்கொத்து நடந்து வர்ற மாதிரி இருக்கு. அவர் பேக்கரியில வேலை செய்றவங்க கிலுகிலுப்பைன்னு பேர் வச்சிருக்காங்க. சாதாரணக் கயிறு அறுந்துடும்னு உத்தரியத்த நைலான் கயித்துல கோத்துக்கிட்டார். அதைப் போட்டுக்கிட்டுச் சாகிறவங்களுக்கு நரகம் இல்லைன்னு மாதா வாக்குக் குடுத்ததா சொல்லுவாங்கல்ல, அதை அவர் புரிஞ்சுக்கிட்டது எப்படின்னா, கழுத்துல அது கிடக்கிற வரைக்கும் யாரை வேணும்னாலும் திட்டலாம், யார் வயித்துல வேணும்னாலும் அடிக்கலாம்னு. மாதா இவருக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறாங்கன்னு நினைப்பு.

பேக்கரியில மாவு பிசையிற மெஷின் ஒண்ணு இருக்கு, பெரிய அண்டா, அதுக்குள்ள இரும்புக் கொக்கி சுத்தும். மேல ஒரு கம்பி மூடி, அதைத் திறந்தா மெஷின் நின்னுடும். வேலை தாமதமாகுதுன்னு, மூடி இல்லாமலே ஓடுற மாதிரி ஒயர மாத்திட்டு, அந்த மூடிய இவரே கழட்டி மூலையில போட்டுட்டார். மெஷின்கிட்ட நிக்கிற பொண்ணு, புருஷன் இல்லாம ரெண்டு பிள்ளைங்கள வளர்க்கிறவ, அதிகம் பேசமாட்டா, அதனால இவர் அவளக் கூப்பிடுறது ஊமைக்கோட்டான்னுதான். அந்த ஊமைக்கோட்டானே வாயத் திறந்து, கழுத்துல தொங்குறத சட்டைக்குள்ள போட்டுக்குங்க ஐயான்னு சொல்லியிருக்கா. மந்திரிச்சது என்னை ஒண்ணும் பண்ணாது, நீ உன் வேலையப் பாருன்னுட்டு, மாவு பதமா இருக்கான்னு பார்க்கக் குனிஞ்சிருக்கார். கயிறு கொக்கியில சுத்திக்கிச்சு. ஆளு தலைகுப்புற உள்ள போறார். அவ ஒரு கையால சுவிட்ச அடிச்சு, இன்னொரு கையில இருந்த மாவு வெட்டுற கத்திய உள்ள விட்டுக் கயித்த அறுத்துட்டா. மெஷின் உடனே நின்னுடுமா என்ன, அந்த வேகத்துல அவ ரெண்டு விரல் நசுங்கிப் போச்சு.

மூச்சு திரும்பினதும் இவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, மந்திரிச்ச உத்தரியத்துல கத்தி வைக்க உனக்கு எவ்வளவு தைரியம்னு. இனிமே வராதன்னு அனுப்பிட்டார். கட்டுப் போட அவ நான் துணி தைக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தா. தையல் ரூம் வாசல் பெஞ்சுல அவளப் பார்த்ததும், ஓரம் அடிச்சுக்கிட்டிருந்த படுக்கை விரிப்ப அப்படியே போட்டுட்டுப் போய் விசாரிச்சேன். அழக்கூட இல்ல. ஐயாவுக்குக் கழுத்துல காயம் எதுவும் இல்லையேம்மான்னு என்னைக் கேட்டா.

அந்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் நம்ம ஆள் மைக்கப் பிடிச்சுச் சாட்சி சொல்றார். சாவு வாயில கிடந்தேன், மாதாவே வந்து கயித்த அறுத்து விட்டாங்கன்னு. சனமெல்லாம் கண்ணத் துடைக்குது. உங்கப்பா என் கைய இறுக்கிப் பிடிச்சார், உதறிட்டு எழுந்தேன். அந்த மாதாவுக்கு இப்ப ரெண்டு விரல்ல கட்டுப் போட்டிருக்கு, அவங்களத்தான் நீங்க வேலைய விட்டுத் துரத்தியிருக்கீங்கன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னேன். சாமியார் இது உண்மையான்னு கேட்டார். இவர் ஒரு சுரூபத்தப் பிடிச்சு உருட்டிக்கிட்டே நின்னார். நான் மானத்த வாங்கினது இவ்வளவுதான்.

விரல் ஆறினதும் மேட்ரன்கிட்ட பேசி அவள எங்க தையல் ரூம்லயே சேர்த்து விட்டேன். பேக்கரியில மாவு பதம் கெட்டு வாடிக்கையாளர் கத்த ஆரம்பிச்சதும் இவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார், அவ வரலைன்னுட்டா. அப்புறம் அறுந்த உத்தரியத்த உங்கப்பா கையில குடுத்தனுப்பி என்னைத் தைக்கச் சொன்னார் பாரு, அந்தத் துணிச்சல என்ன சொல்ல. அறுத்தவளே தைப்பா, நேர்ல வரச் சொல்லுங்கன்னேன். வந்தார். அவ தலை நிமிரல, நைலான எடுத்துப் போட்டுட்டு மெல்லிசா ஒரு பருத்தி நாடா வச்சுத் தைச்சு, இழுத்தா இது அறுந்துடும் ஐயா, அதுதான் உங்களுக்கு நல்லதுன்னு நீட்டினா. ஒரு நன்றி வரணுமே அந்த வாயில! வெளிய வந்து என்கிட்ட ரகசியமாக் கேட்கிறார், இவ கை பட்டதால மறுபடி மந்திரிக்கணுமான்னு. சாமியாரக் கேளுங்கன்னேன். கேட்டிருக்கார். துணிக்கு ஒண்ணும் ஆகல, நீர் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்கு வாரும்னு அவர் சொல்லிட்டார். அன்னையிலேருந்து உன் பெரியப்பா பூசைக்கு வேற கோயிலுக்குப் போறார்.

உனக்கும் ஒரு பொட்டலம் சுரூபம் அனுப்பியிருக்காராம். வந்தா தூக்கிப் போட்டுடாத, அதுங்க மேல எனக்கு என்ன கோபம். நானும் உத்தரியம் போட்டிருக்கிறவதான். அதைப் போட்டுக்கிட்டா நான் மாதா வீட்டுப் பிள்ளைன்னு அர்த்தம், அவங்க பேரக் கெடுக்காம நடந்துக்கணும், அவ்வளவுதான் விஷயம். அப்படி நடக்க முடியும்னா அந்தச் சுரூபத்தப் போட்டுக்க, முடியலைன்னா அலமாரியில பத்திரமா வை.

மாதா உங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். இருமலுக்கு டாக்டரப் பாரு, நாளைக்கின்னு தள்ளாத. பெரியப்பா மறுபடி போன் பண்ணினா மரியாதையாப் பேசு, வயசுல பெரியவர். பேச்சோட பேச்சா அந்தப் பொண்ணு விரல் இப்ப மடங்குதான்னு ஒரு வார்த்தை கேளு. என்ன பதில் சொன்னார்னு எனக்கு எழுது, அப்புறம் யார் யார்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு யோசிப்போம்.

முத்தங்களோட,
உன் அம்மா