நாலு கையெழுத்துக்குப் பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா? தூத்துக்குடி வெயிலில் கறுத்துவிட்டேன், மற்றபடி சுகம்.

போனில் சொன்னால் அம்மா பதறுவாள் என்றுதான் எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. எங்கள் கம்பெனியின் துறைமுகக் குடோனுக்கு வந்த முந்திரி மூட்டைகளைக் காணவில்லை. வாட்ச்மேன் மாசானம் அண்ணாச்சிமேல் சந்தேகப்பட்டு, விசாரிக்க ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். பெண் ஒருத்தி வேண்டுமென்று புதியவளான என்னையும் சேர்த்தார்கள். அண்ணாச்சியைக் கூப்பிடாமலே, அவரை வேலையை விட்டு நீக்க நாலு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"நீயும் போட்டிரும்மா. ஒனக்கே இன்னும் வேலை நிரந்தரமாகலை" என்றார் மேனேஜர் ரங்கு சார்.

நம் வீட்டில் என் மேசைக்கு மேலே நான் ஒட்டிய நீதிபதி கன்னாவின் படத்தைக் காட்டி, "இவர்தான் என் சம்பந்தியா?" என்று கேலி செய்வீர்களே! நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்களுக்காக, ஐந்து நீதிபதிகளில் அவர் ஒருவர்தான் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவரை நினைத்துக்கொண்டேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவர ஒரு வார்த்தை கேட்காம போடமாட்டேன் சார்."

முணுமுணுத்தபடி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள்.

"அன்னைக்கு மழைன்னு லாரிய பக்கத்து குடோனுக்குல்லா அனுப்புனாவ. அங்கன பாத்தியளா?" என்றார் அவர்.

மூட்டைகள் அங்கேதான் இருந்தன! ரங்கு சார் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தர்மபுரியிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புங்கள். களி கிண்டும் பக்குவத்தை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அன்று மட்டும் போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள் அப்பா. கப்பல் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
கோகிலவாணி