கோபுரத்தடித் தேசிக்காய்

பேர்லின் நொய்கெல்னில் உள்ள தமிழ்க் கடையில் இன்று தேசிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றை நகத்தால் கீறி எலுமிச்சை வாசத்தை மணந்து பார்த்தேன். உடனே நீ வந்து நின்றாய். செத்துப்போன பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற பழக்கம் உனக்குப் போகவில்லை.

மலாவியில் ஒரு மலைக்கிராமத்தில் கைபேசிக் கோபுரம் அமைக்க நம் நிறுவனம் உன்னை அனுப்பியது. அங்கே ஒரு சின்ன மருத்துவமனை. பிரசவம் சிக்கலானால் அம்புலன்ஸைக் கூப்பிட யாராவது சைக்கிளில் மலையிறங்கவேண்டும். நான் பேர்லினில் திரைக்கு முன்னால் இருந்து, கோபுரங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பவன். உன் கோபுரத்தை இயக்குவதற்கு முன் நீ தேசிக்காயையும் செத்தல் மிளகாயையும் நூலில் கோத்து, கோபுரத்தடியில் கட்டிப் படம் அனுப்பினாய். பொறியியல் படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்டேன்.

"புது வாகனத்துக்குச் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்கிறமெல்லே, அதுமாதிரித்தான். நீ உன்ர வேலையைப் பார்" என்றாய்.

வெள்ளிக்கிழமைதோறும் புதிதாகக் கட்டும்படி மருத்துவமனைத் தாதியிடமும் சொல்லிவிட்டு வந்தாய். அவர் அதையும் கோபுரத்தின் ஒரு பாகமென்றே எடுத்துக்கொண்டார். இதைச் சொல்லியே உன்னைப் பலநாள் வறுத்தெடுத்தேன்.

பிறகு சுற்றுவட்டாரக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் சிவப்புப் புள்ளிகளாகின. சோலர் தகடுகளில் புழுதி படிந்து பற்றறி இறங்கிவிட்டது. உன்னுடையது மட்டும் பச்சையாகவே இருந்தது. தாதியிடம் விசாரித்தேன். தேசிக்காய் கட்டப் போகும்போது அந்த இடத்தைக் கூட்டுவாராம், அப்படியே தகட்டையும் துடைத்துவிடுவாராம். இதை யோசித்துத்தான் கட்டினாயா என்று உன்னைக் கேட்டேன். சிரித்தாயே தவிர, ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. எனக்கு அதில்தான் உன்மேல் கோபம்.

போன கிழமை தாதி தொலைபேசியில் கூப்பிட்டார். உன் இடத்துக்கு வந்திருக்கும் பொறியாளர் கோபுரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் குப்பையைக் கழற்றச் சொன்னாராம். கழற்றட்டுமா என்று கேட்டார். தகட்டைத் துடைத்தால் போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் துடைப்பது மட்டும் என்றால் அது இன்னொரு வேலையாகிவிடும், நாலு கிழமையில் மறந்துவிடுவார்கள். அது மட்டும் காரணமில்லை. நீ கட்டியதைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாற்றச் சொன்னேன், நல்ல பச்சைக் காயாகப் பார்த்துக் கட்டச் சொன்னேன். புதியவரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

இதிலெல்லாம் எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனால் வேலைக்குப் போய்த் திரையைத் திறந்தால் கண் முதலில் உன் புள்ளியைத்தான் தேடுகிறது.

இண்டைக்கும் பச்சைதான், மச்சான்.