சவரக்கத்திபோல் தீட்டியது

தூத்துக்குடி, 12-8-1974

அப்பாவுக்கு மாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

தோணியில் சும்மா உட்காரப் பிடிக்காமல், நீங்கள் கடையில் சவரக்கத்தி தீட்டுவதுபோல் என் மடக்குக்கத்தியைக் கல்லில் படுக்கப்போட்டே தினமும் தீட்டினேன். நேற்று கயிறு காலைச் சுற்றி இழுத்தது. அறுக்கப் போனால், கத்தியின் மெலிந்த கூர்விளிம்பு மடங்கிவிட்டது. தோணியை நடத்தும் காதிர் பாய்தான் தன் கத்தியால் அறுத்துவிட்டார்.

“ஏலே, இது என்ன தாடியா? தேங்காநார்க் கயிறு. கத்தி முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுல்லா தீட்டணும்” என்றார்.

காலில் தோல்தான் உரிந்தது, அம்மாவிடம் சொல்லவேண்டாம். படிகாரம் ஒரு கட்டி அனுப்புங்கள்.

இங்கே சலூன்கள் நிறைய. யாரிடமும் முகத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. தாடி சட்டைப் பொத்தானைத் தொடுகிறது. தோணி கிளம்பக் கூப்பிடுகிறார்கள். பொங்கலுக்கு வந்ததும் முதல் ஆளாக என்னை உங்கள் நாற்காலியில் உட்காரவையுங்கள்.

மாணிக்கம்