பங்கருக்குள் வெடித்த போத்தல்

சிவமயம்

உரும்பிராய்
20.06.1993

அன்புள்ள பிள்ளை திலகேஸ்வரிக்கு,

இதை எழுதும் நிமிடம் வரை நானும் அம்மாவும் முழு உடம்போடு இருக்கிறோம். நீயும் அந்தப் பேர்கன் நகரத்து மழையில் நனைந்து தடிமன் பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன், அவருக்கே விளக்குக்கு எண்ணெய் இல்லை, என்றாலும் சொல்லிவைத்தேன். உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. படித்துவிட்டு ஒரு வாய் வெற்றிலை போட்டேன், கோபம் ஆறவில்லை, ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

ஆராய்ச்சியை விட்டுவிட்டு அந்த நாட்டின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போய் எங்களை அங்கே கூப்பிடப் போகிறாயாம், ஆவணிக்குள் பேராசிரியருக்கு முடிவு சொல்லவேண்டுமாம், அப்பா ஓம் என்றால் விட்டுவிடுவாயாம். அப்பா ஓம் என்று சொல்லவில்லை. முட்டையைக்கூட வாசலுக்குள் விடாத வீட்டுப் பிள்ளை மீன் வெட்டப் போவது போகட்டும், வேலையில் கேவலம் இல்லை, தொடங்கியதை நடுவில் போட்டுவிட்டு ஓடுவதுதான் கேவலம். இந்தப் புத்தியை உனக்கு ஓதியது யார் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் அண்ணன், உன் தில்லைநாதன் மாமா. 'அங்கை உன்ரை மகள் கள்ளுப் புளிக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள், இங்கை நீங்கள் குண்டுக்குள்ளை கிடவுங்கோ' என்று என் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் உனக்கும் எழுதியிருக்கிறார். ஏன் அப்படிக் கொதிக்கிறார் என்பதை அவர் எழுதியிருக்க மாட்டார், நான் எழுதுகிறேன்.

பொருளாதாரத் தடையால் பாணுக்குப் போடும் ஈஸ்ட் இங்கே வருவதில்லை. சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் கனிசியஸ் பனங்கள்ளை ஊற்றித்தான் மாவைப் பொங்கவைக்கிறான். கள்ளில் இருப்பதும் அதே ஈஸ்ட், நீ ஆராயும் மதுவம்தானே, பிள்ளை வருடக்கணக்காய்ப் பார்ப்பதை நானும் ஒருமுறை பார்ப்போம் என்று அவனிடம் ஒரு போத்தல் வாங்கிவந்தேன். என் பூதக்கண்ணாடியில் அது தெரியாது என்று நீ சிரிப்பாய், தெரியவில்லைதான், நுரை தெரிந்தது. 'உந்த நாத்தத்தை வீட்டுக்குள்ளை வைக்க விடமாட்டன்' என்று அம்மா மறித்துக்கொண்டு நின்றாள். ஆகவே மதுவத்தின் பசிக்குக் கொஞ்சம் பனங்கட்டி போட்டு, மணம் வெளியே வராமல் தக்கையை இறுக்கி, கம்பியாலும் கட்டி, குண்டுக்கு ஒளிய முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் குளிர்ச்சியாக வைத்தேன். மதுவம் காற்றை விடும் என்று படித்தவன்தான், ஆனால் அந்த நேரம் என் யோசனை முழுவதும் அம்மாவின் மூக்கில் இருந்தது. மறுநாள் மத்தியானம் பொம்மர் வந்தது. சாப்பிட வந்திருந்த மாமாவோடு எல்லாரும் உள்ளே பாய்ந்தோம். பொம்மர் குண்டை எங்கோ தூரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டது, போத்தல் எங்கள் காலடியிலேயே வெடித்தது. மாமா 'ஐயோ, நான் முடிஞ்சன், ரத்தம் ஓடுது' என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு தேவாரம் தொடங்கிவிட்டார். அம்மா இருட்டுக்குள் தொட்டு மணந்து பார்த்து, 'அண்ணை, உது ரத்தமில்லை, கள்ளு' என்றாள். கோயில் மதுவிலக்குச் சபைத் தலைவரான மாமா நனைந்த வேட்டியோடு ஒழுங்கை முழுக்க மணத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை ஊரே பார்த்தது. முன்வீட்டுச் சின்னத்தங்கம், 'பரவாயில்லை ஐயா, பயத்திலை ஆரும் குடிப்பினம்தான்' என்று ஆறுதல் வேறு சொன்னாளாம். அன்றிலிருந்து அவருக்கு உன் படிப்பும் பகை, நானும் பகை.

ஒரு புரதம் அளவுக்கு மிஞ்சிப் பெருகினால், தன்னைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. இழையிலேயே போய் ஒட்டிக்கொண்டு இனிப் போதும் என்று தடுத்துவிடும் என்று முன்பு எழுதியிருந்தாய். மாமாவின் வாய்க்கு அப்படி ஓர் ஏற்பாட்டைக் கடவுள் வைக்கவில்லை. நீ எழுதிய எதையும் நான் மறக்கவில்லை பிள்ளை. உயிர்க்கலம் புரதம் செய்யும் பட்டறை ரைபோசோம், அதுவே ஆர்.என்.ஏ. இழைகளும் ஏறக்குறைய எண்பது புரதங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உண்டானது. முதலில் வரும் புரதம் தன் இடத்தைப் பிடித்தால்தான் இழை மடியும், மடிந்தால்தான் அடுத்ததற்கு இடம் வரும். கலியாணப் பந்தியில் பெரியவர் காலை மடித்து இருக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதானே பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு இடம் என்று தெரிகிறது, மதுவத்துக்குள்ளும் அதே திமிர்தான். உன் பங்குக்கு வந்த புரதம் எந்த மடிப்பைத் தொடுகிறது என்று இன்னும் பிடிபடவில்லை என்கிறாய். நேராகக் கேட்கிறேன், பிடிபடாததால் விடுகிறாயா, எங்களுக்காக விடுகிறாயா? பிடிபடாவிட்டால் இன்னும் பார். எங்களுக்காக என்றால் வேண்டாம். எட்டாம் வகுப்போடு என்னை மறித்துப் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க விட்டபோதும் குடும்பத்துக்காக என்றுதான் சொன்னார்கள். குடும்பம் அதனால் செழித்துவிடவும் இல்லை, என் கோபம் ஆறவும் இல்லை. இந்த வயதில் நீ விட்டுப்போன புத்தகங்களை வைத்து முட்டி மோதிப் படிக்கிறேன். நீயும் அப்படி ஒரு கோபக்காரக் கிழவியாக வருவதற்கு நான் சம்மதம் தரமாட்டேன்.

அம்மா பக்கத்தில் நின்று வாசிக்கிறாள், ஆகவே பொய் எழுத வழியில்லை. அவளுக்கு அங்கே வர விருப்பம். சத்தம் கேட்டால் அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, இதை உனக்கு இதுவரை நான் எழுதவில்லை. இப்போதே போகப்போகிறாயா என்று நேற்று அவளிடம் கேட்டேன். 'அவள் முடிக்கட்டும். முடிச்சிட்டுக் கூப்பிட்டால் கிளாலியிலை வள்ளம் ஏறி நான் வாறன், நீங்கள் உங்கடை புகையிலையோடை இருங்கோ' என்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னை விட்டுப் போவேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஆகவே விடாதே, ஆனால் கெதியாய் முடி. கிளாலியில் வள்ளம் புறப்படும் கரை வரை அவள் பையை நான் தூக்கிக்கொண்டு வருவேன். வள்ளத்தில் ஏறுவேன் என்று நான் எங்கும் எழுதவில்லை, ஏறமாட்டேன் என்றும் இனி எழுதப்போவதில்லை.

உனக்கு எல்லா நன்மையும் கிடைக்கவேண்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள். முதலில் பேராசிரியருக்கு எழுது, பிறகு எனக்கு எழுது. மாமாவுக்கு எழுதவேண்டாம்.

அம்மாவின் ஆசீர்வாதத்தோடு,
அப்பா
வே. பரமலிங்கம்