புகையில்லாத அண்டி ஆபீஸ்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

என் தங்கச்சி குஞ்ஞி, நம்ம அண்டி ஆபீஸில் இன்று முந்திரிக்கொட்டை வேகவைக்கிற புது மெஷின் ஓட்டினார்கள். இனி முந்திரியை டிரம்மில் போட்டு வறுக்க வேண்டாம், ஆவியில் வேகவைத்தால் போதும். விறகு கொஞ்சம்தான், புகையே இல்லை. நான் பழக்கதோஷத்தில் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஏட்டி, கள்ளன் மாதிரி மொகத்த மூடிட்டு யாரு வீட்ல ஏற வந்த?" என்று மேரியக்கா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். துணியை அவிழ்க்கத்தான் கை வரவில்லை. அந்த டிரம் பக்கத்தில் நின்றுதானே நீ இருமத் தொடங்கினாய்.

விறகில் மிச்சமாகிற காசில் முதலாளி இன்னொரு ஷெட் போடுகிறாராம், புதிதாக ஆள் எடுக்கிறாராம். இருமல் இல்லையென்றால் லீவு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, கூலி முழுசாக வீடு வந்து சேரும். உன் கூலி மருந்துக்கடைக்குத்தான் போனது. இந்த மெஷின் அன்றைக்கே வந்திருந்தால் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் உன் மகள் ஜெபா கேட்கிறாள், "பெரியம்மா, எனக்கும் ஒரு எடம் சொல்லி வாங்கித் தாங்க. இப்பம் அங்க புகை இல்லல்லா?"

அவளுக்குச் சோறு போட்டேன். அவளை அங்கே விடமாட்டேன் என்று, நீ கண்ணை மூடுவதற்கு முன்னால், உன் கட்டில் பக்கத்தில் நின்று வாக்குக் கொடுத்தவள் நான். அவளோ படிப்பு முடித்து வேலையில்லாமல் இருக்கிறாள். நாளைக்கே பெயர் கொடுக்க வேண்டுமாம்.

குஞ்ஞி, நீ வேண்டாம் என்றது அந்த ஆபீஸையா, அந்தப் புகையையா?